மஜ்ஜை மாற்றுக்கு முந்தைய நாட்கள்

கைக்குழந்தைக்குத் திரும்பத் திரும்ப நிமோனியா, நிற்காத வயிற்றுப்போக்கு, மருந்து தடவியும் போகாத வாய் வெண்படலம். எடையும் ஏறவில்லை என்றால், ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மொத்த வெள்ளையணுக்கள் 6,000, அதில் லிம்போசைட் 15 சதவீதம் என்றிருந்தால் லிம்போசைட் வெறும் 900தான். இந்த வயதில் 3,000-க்குக் கீழே போனாலே காரணம் தேட வேண்டும். ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டை மடித்து வைத்துவிடாதீர்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் தொற்று ஓயவில்லையா? லிம்போசைட் வகைகளைப் பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்த அறிகுறிகளுக்குப் பின்னால் இருக்கக்கூடிய ‘ஸ்கிட்’ என்னும் கடுமையான பிறவி எதிர்ப்புசக்திக் குறைபாட்டுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று 1968-லேயே அமெரிக்காவில் வெற்றி கண்டது. வேலூர் சி.எம்.சி.யில் மஜ்ஜை மாற்று 1986-ல் தொடங்கியது. சிகிச்சை இருக்கிறது, அதுவரை குழந்தையைத் தொற்றில்லாமல் காப்பதுதான் பெரும்பாடு. வட அமெரிக்காவில் 240 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2014-ல் வெளியான ஆய்வில், மூன்றரை மாதத்துக்குள் மாற்று பெற்றவர்களில் 94 சதவீதம் பேர் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடு இருந்தார்கள். தாமதமானாலும் அதற்குமுன் தொற்றே வராதவர்களில் 90 சதவீதம். எனவே, நாள் கடந்துவிட்டதே என்று மனம் தளர வேண்டாம்.

பிறந்தவுடன் பி.சி.ஜி. போட்டிருப்பார்கள். அந்த இடத்தில் சீழோ அக்குளில் நெறிகட்டியோ தெரிந்தால் உடனே சொல்லுங்கள். போலியோ, ரோட்டா வைரஸ் சொட்டு மருந்துகள் கூடாது. வீட்டில் இன்னொரு குழந்தை இருந்தால் அதற்கும் போலியோவுக்குச் சொட்டு மருந்து வேண்டாம், ஊசிதான். தாய்ப்பால் வழியே சி.எம்.வி. கிருமி பரவலாம், தாய்க்குப் பரிசோதனை செய்துகொண்டு, மருத்துவர் சொல்படி நடந்துகொள்ளுங்கள்.

ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் சித்தப்பா, மாமா என்று எல்லோரும் கை நீட்டுவார்கள். அன்புதான், ஆனால் ஆபத்து. நெருங்கிய உறவினரின் ரத்தத்திலுள்ள அணுக்கள் குழந்தையின் உடலில் நிலைத்து, அதையே தாக்கக்கூடும். கதிர்வீச்சு செலுத்திய, சி.எம்.வி. இல்லாத ரத்தம்தான் வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு மருத்துவமனையிலும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

உடன்பிறந்தவரோடு திசு முழுதும் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. பொருந்தாவிட்டால் தாயோ தந்தையோ பாதிப் பொருத்தத்தோடு கொடுக்கலாம். மஜ்ஜையை இடுப்பெலும்பிலிருந்துதான் எடுப்பார்கள், முதுகுத்தண்டைத் தொடுவதில்லை. எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் மறுபடி ஊறிவிடும். பணம் கட்டிச் சேமித்த குழந்தையின் சொந்தத் தொப்புள்கொடி ரத்தம் மட்டும் உதவாது. அதிலும் அதே மரபணுக் கோளாறு இருக்கும்.

எவ்வளவு பண நெருக்கடி என்றாலும் மரபணுப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த முடிவு கையில் இருந்தால்தான் அடுத்த கர்ப்பத்தில் 11, 12 வாரத்திலேயே கருவைச் சோதித்துப் பார்க்க முடியும்.