தேகப் பயிற்சியும் ஆத்தும வளர்ச்சியும்



இந்தத் தவக்கால நாட்களில், விடிந்தும் விடியாத வேளையில் வேடந்தாங்கல் ரஸ்தாவில் நடந்து போகிறவர்கள் இரண்டு விதமான பயிற்சியை ஒரே சமயத்தில் காணலாம். ஏரிக்குள் நிற்கிற மரங்களில், நாரைக் குஞ்சுகள் கூட்டின் விளிம்பில் நின்றுகொண்டு, பறவாமலேயே சிறகுகளை அடித்து அடித்துப் பழகுகின்றன. ரஸ்தாவிலோ நம்முடைய பையன்கள் போலீஸ் உத்தியோகத் தேர்வுக்காக மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கிறார்கள். 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிஷத்துக்குள் ஓடி முடிக்க வேண்டுமாம்.

சென்ற வாரம் அவர்களில் ஒருவர் என்னைக் கண்டு நின்றார். “சாமி, பூசைக்கு வருகிறேன், ஆனால் எட்டு மாசமாய் நன்மை வாங்கவில்லை. ஒரே பாவத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுகிறேன். எனக்கே வெட்கமாயிருக்கிறது. திருந்தின பிறகு பாவசங்கீர்த்தனத்துக்கு வரலாமென்று இருக்கிறேன்” என்றார். (இது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதல்ல, நடுரஸ்தாவில் கேட்டது. எழுதுவதற்கு அவரே உத்தரவும் கொடுத்தார். யாரென்று தேடவேண்டாம்.)

“தம்பி, ஓட ஆரம்பித்த முதல் நாள் எத்தனை நிமிஷத்தில் முடித்தாய்?” என்று கேட்டேன்.

“முடிக்கவே இல்லை, சாமி. பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.”

“அப்படியானால், ஓட்டம் நன்றாய் வந்த பிறகு ஓடப் போகலாமென்று வீட்டிலேயே இருந்தாயா?”

அவர் சிரித்தார். ஆனாலும் அவர் மனம் சமாதானமாகவில்லை என்று முகத்தில் தெரிந்தது. நேரமுமாகிவிட்டது. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். இது அவர் ஒருவருடைய கஷ்டமாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

அர்ச். சின்னப்பர் (பவுல் என்று சொன்னால்தான் இக்காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்குகிறது) கொரிந்து நகரத்தில் ஒன்றரை வருஷம் தங்கி, கூடாரம் செய்யும் தொழிலால் ஜீவித்து, வேதம் போதித்தார். அந்நகரத்துக்குப் பக்கத்தில்தான் இஸ்த்மியா என்னும் ஸ்தலம். அங்கே இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய விளையாட்டு விழா நடக்கும். ஜெயித்தவனுக்குப் பொன்னும் வெள்ளியுமல்ல, பைன் மரத்துத் தழையால் கட்டின ஒரு முடிதான் சூட்டுவார்கள். சில நாளில் காய்ந்துபோகிற அந்தத் தழைக்காகவே ஒருவன் தன் வாயையும் வயிற்றையும் அடக்கிப் பழகுகிறானே, வாடாத முடிக்காக நாம் என்ன செய்கிறோம் என்றுதான் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தின் 9-ம் அதிகாரத்தில் கேட்கிறார். அதே இடத்தில் தம்மைக் குறித்தும் ஒரு பயத்தை வெளியிடுகிறார். ஊருக்கெல்லாம் போதித்துவிட்டுத் தாமே தள்ளப்பட்டவராய்ப் போகக் கூடாதே என்ற பயம் அது. பிரசங்க மேடையில் ஏறுகிற என்னைப் போன்றவர்களுக்கு அந்த வரியைத் தாண்டிப் போவது எளிதல்ல.

தவமுயற்சிகளுக்குக் கிரேக்க பாஷையில் ‘அஸ்கேசிஸ்’ என்று பெயர். அந்த வார்த்தை வனத்துச் சந்நியாசிகளிடம் வருமுன்னே விளையாட்டுக்காரரிடம் இருந்தது. பயிற்சி என்பதே அதன் அர்த்தம். ஒருசந்தியும் ஜெபமும் தர்மமும் தண்டனை என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சேலம் ஜில்லா பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை உங்களில் அநேகர் அறிவீர்கள். ஐந்து வயதில் ஒரு பஸ் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போயிற்று. தாய் காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர் பையனை உயரம் தாண்டப் பழக்கினார். 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் பெற்றார். 2021-ல் டோக்கியோவில் 1.86 மீட்டர், வெள்ளி. அன்று மழை பெய்து, ஊனமுற்ற காலின் காலுறை நனைந்து, தாண்டுவது கஷ்டமாயிற்று என்று பிற்பாடு அவரே சொன்னார். 2024-ல் பாரிஸில் 1.85 மீட்டர், வெண்கலம்.

கணக்குப் பார்க்கிறவன் இதை இறக்கம் என்பான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எட்டு வருஷம், மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் உலகத்தின் முதல் மூன்று பேரில் ஒருவராக நின்றிருக்கிறார். தங்கம் வாங்கினவன் வெண்கலத்துக்காகத் திரும்பவும் வந்து ஓடி நிற்பதற்குத் தனியாக ஒரு தாழ்ச்சி வேண்டும். ஜெபத்தில் முன்பு இனிப்பு இருந்தது, இப்போது வறட்சியாயிருக்கிறது, ஆகையால் விட்டுவிட்டேன் என்கிற நம் தாய்மார்களும் இதை யோசிக்கலாம்.

அந்த விளையாட்டில் இன்னொரு விசேஷம். ஒருவன் தாண்டத் தாண்டக் கம்பை உயர்த்திக்கொண்டே போவார்கள். தொடர்ந்து மூன்று தடவை தவறினால்தான் அவனுடைய ஆட்டம் முடியும். ஆகையால் தோற்றவன் மாத்திரமல்ல, தங்கம் ஜெயித்தவனும் பெரும்பாலும் கம்பைத் தட்டிவிட்டுத்தான் மைதானத்தை விட்டு வருகிறான். கம்பு விழுந்ததைக் கொண்டு அவனை யாரும் மதிப்பதில்லை, எவ்வளவு உயரம் தாண்டினான் என்றே பார்க்கிறார்கள். அங்கே மூன்று தடவைக்கு மேல் இல்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியிலோ, அர்ச். இராயப்பர் ஏழு தடவையா என்று கேட்டபோது ஆண்டவர் சொன்ன கணக்கு உங்களுக்குத் தெரியும்.

அதற்காக, விழுந்தால் என்ன என்று அசட்டையாய் இருக்கலாமென்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு தாண்டலுக்குப் பிறகும் நல்ல வீரன் குருவிடம் போய்க் கால் எங்கே பிசகியது என்று கேட்கிறான். ஆத்தும சோதனை என்பது அதுதான். ஒரே பாவத்தைச் சொல்ல வெட்கப்படுகிறவர், அது எந்த நேரத்தில், யாரோடு இருக்கையில், எந்தக் களைப்பில் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். அப்போது குருவானவரும் ஏதாவது உருப்படியாய்ச் சொல்ல முடியும்.

அளவுக்கு மிஞ்சின பயிற்சியும் கெடுதிதான். குருமடத்தில் சேர்ந்த முதல் வருஷம், விபூதித் திருநாளன்று, தவக்காலம் முழுவதும் ஒருவேளை உணவு, இரவில் இரண்டு மணி நேரம் முழந்தாளில் ஜெபம் என்று பிரதிக்கினை செய்தேன். இரண்டாம் வாரம் தியானத்தில் தூங்கி விழுந்தேன். பந்தியில் பக்கத்துப் பையன்மேல் எரிந்து விழுந்தேன். ஆத்தும குரு கூப்பிட்டு, “எல்லாவற்றையும் நிறுத்து. காலையில் மணி அடித்தவுடன் எழுந்திரு, அது போதும்” என்றார். அந்தச் சின்னக் காரியம் படிவதற்கு எனக்கு மூன்று வருஷம் பிடித்தது.

ஓடும்போது தேகம் பலப்படுவதில்லை, களைத்துத்தான் போகிறது. பிறகு உண்டு உறங்கும்போதே தசை தன்னைச் சரிப்படுத்திக்கொண்டு முன்னிலும் உறுதியாகிறது. இரண்டு மூன்று வாரம் அடியோடு விட்டுவிட்டால் சேர்த்த பலம் கரையத் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை வயல்வேலையையும் கடைவேலையையும் விட்டு ஓய்ந்திருக்கச் சொல்லும் கட்டளையை, இதை அறிந்த பின் நான் இன்னும் மரியாதையோடு படிக்கிறேன்.

இந்த உவமை ஓரிடத்தில் நின்றுபோகும். மைதானத்தில் ஒருவன் ஜெயிக்க மற்றவர்கள் தோற்க வேண்டும், இங்கே அப்படியில்லை. அன்றியும், நம் பலத்தால் மோட்சம் சேரலாமென்ற பெலாஜியுவின் பதிதத்தை எதிர்த்து அர்ச். அகுஸ்தீனார் கடைசிவரை எழுதினார். ஓட வேண்டுமென்ற ஆசையே தேவ வரப்பிரசாதந்தான். எட்டு மாசமாய் நன்மை வாங்காதவர் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்து பின்வரிசையில் நிற்கிறாரே, அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறவர் யார்?

தவக்காலச் சனிக்கிழமைகளில் மாலை 5 மணி முதல் தொட்டியில் இருப்பேன். நேரில் என் முகத்தைப் பார்க்கச் சங்கோஜப்படுகிறவர்கள் பக்கத்துப் பங்குக்குப் போனாலும் எனக்கு வருத்தமில்லை. காலையில் ஓடுகிற தம்பிகள் ரஸ்தாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூடுகளில் குஞ்சுகள் இருக்கின்றன, தாய்ப்பறவைகள் கலையும். தீபாவளிக்கும் வெடி வெடிக்காமல் அவற்றைக் காத்துவந்த ஊர் இது.