பெட்டி மேலே ஊர்ப் பேரு

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



போன பொங்கல் லீவு முடிந்து விடுதிக்குத் திரும்பிய அன்று, தர்மபுரிக்காரனான என் அறை நண்பன் ஒரு அட்டைப்பெட்டியை நீட்டினான். "இந்தாடா, உங்க ஊர்ச் சரக்கு." பெட்டி மேலே கோயில் கோபுரம், கொட்டை எழுத்தில் 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா'. வருகிற வழியில் ஏதோ ஒரு பஸ் ஸ்டாண்டில் கால் கிலோ 40 ரூபாய்க்கு வாங்கினானாம். ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டேன். மாவு! பல்லில் அப்பிக்கொண்டது.

"இதுக்கா இவ்வளவு பெருமை அடிச்சீங்க?" என்று கேட்டான் பாருங்கள், எனக்கு முகமே தொங்கிப்போய்விட்டது. என் தாய்மாமா ஸ்ரீவில்லிபுத்தூரில் இருபது வருஷமாக அடுப்பு முன்னால் நின்று பால்கோவா கிண்டுகிறவர். அவரையே திட்டிய மாதிரி இருந்தது.

அந்தக் கோபத்தில் எழுத உட்கார்ந்ததுதான் இந்தக் கட்டுரை. ஒரு ஊர்க்காரர்களின் தின்பண்டம் வேற்றூர்க்காரர் வீட்டுக்குள் எப்படி நுழைகிறது, நுழைந்த பிறகு அந்தப் பெயருக்கு என்ன ஆகிறது என்று தேடப் போனேன். அது என்னை நேராக அமெரிக்காவில் கொண்டுபோய் விட்டது.

அமெரிக்காவில் மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா போன்ற இடங்களிலிருந்து வந்தவர்களையும் அவர்கள் வம்சத்தாரையும் லத்தீனோ என்கிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கில் இவர்கள் 6 கோடியே 21 லட்சம் பேர், அதாவது நூற்றுக்குப் பத்தொன்பது பேருக்குக் கொஞ்சம் குறைவு. பிழைக்கப் போன இடத்தில் மனிதன் முதலில் தேடுவது ஊர்ச் சாப்பாட்டைத்தானே. 1936-இல் நியூயார்க்கில் 'கோயா' என்ற கம்பெனியை ஆரம்பித்த புருடென்சியோ உனானுவே, ஸ்பெயினில் பிறந்து போர்ட்டோ ரிக்கோவில் இருந்துவிட்டு வந்தவர். ஒலிவக் காய், ஒலிவ எண்ணெய், மத்தி மீன் டப்பா என்று தன்னைப்போல் வந்தவர்களுக்குத்தான் முதலில் விற்றார். இன்று கோயா பயறு டப்பா அமெரிக்காவின் பெரிய பெரிய கடைகளில் எல்லோருக்கும் பொதுவாக அடுக்கியிருக்கிறது.

அண்டை வீட்டுக்காரன் வாங்கத் தொடங்கியது அடுத்த கட்டம். 1990களின் தொடக்கத்திலேயே மெக்சிகோக்காரர்களின் சால்சா (தக்காளியும் மிளகாயும் போட்ட தொக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்) அமெரிக்கர்களின் கெட்சப்பை விற்பனையில் தாண்டியது. எடையில் அல்ல, பண மதிப்பில். சால்சா விலை கூடுதல். யூனிட்டைப் பார்க்காமல் விடை எழுதினால் நம் சார் மார்க் போடமாட்டார் அல்லவா, அதனால் சொல்லி வைக்கிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'தஹீன்' கதை. 1985-இல் மெக்சிகோவின் ஜலிஸ்கோ மாநிலத்தில் தொடங்கிய கம்பெனி. சரக்கு என்ன தெரியுமா? மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சைப் புளிப்பு. மாங்காய்மேல் தூவித் தின்ன! நம் ஸ்கூல் வாசலில் பாட்டி மாங்காய்க் கீற்றுக்கு உப்புத்தூள் தடவித் தருவாரே, அதற்குக் கொஞ்சம் புளிப்பு சேர்த்த பங்காளிதான். அதை ஒரே அளவாகக் கலந்து, நமுத்துப்போகாமல் பாட்டிலில் அடைத்தார்கள். 1950-இல் பிறந்த 'ஹரீட்டோஸ்' என்ற மெக்சிகோ சோடாவில் புளி ருசியிலேயே ஒரு வகை உண்டு. புளித்தண்ணீரைக் கலராக்கி அமெரிக்காக்காரனைக் குடிக்க வைத்திருக்கிறார்கள், நாம் ரசத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

ஆனால் இன்னொரு கதையும் உண்டு. சோலூலா என்பது மெக்சிகோவில் ஒரு பழம்பெரும் ஊர். அந்தப் பெயரில் ஒரு மிளகாய்ச் சாஸ் மரமூடி போட்ட பாட்டிலில் வருகிறது. அது தயாராவது சோலூலாவில் அல்ல, ஜலிஸ்கோவில். 2020-இல் மெக்கார்மிக் என்ற அமெரிக்க மசாலாக் கம்பெனி அந்த பிராண்டை 80 கோடி டாலருக்கு வாங்கியது. ஊர்ப் பெயர் பாட்டிலில் இருக்கிறது, பாட்டில் இன்னொருவர் கையில் இருக்கிறது. இதைப் படித்தபோதுதான் தர்மபுரிக்காரன் கொடுத்த பெட்டி மறுபடி ஞாபகம் வந்தது.

நம் விருதுநகர்ச் சீமையிலும் ஊர் எல்லை தாண்டிய சரக்கு இல்லாமல் இல்லை. 1916-இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கியது காளிமார்க். அவர்களுடைய பவண்டோ நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பழகிய கலர்தான். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்ததும், வணிகர் சங்கங்கள் மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானம் விற்கமாட்டோம் என்று அறிவித்ததும் உங்களுக்குத் தெரியும். அப்போது அதுவரை பவண்டோவைத் தொடாத பையன்களும் அதைக் கேட்டு வாங்கினார்கள். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். பவண்டோவுக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு, ருசி மாறினால் யாரைக் கேட்பது என்று தெரியும். பால்கோவாவுக்கு ஊரே சொந்தக்காரர். ஊரே சொந்தக்காரர் என்றால் யார் வேண்டுமானாலும் கோபுரத்தை அச்சடித்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது.

சரி, அந்தப் பெட்டிக்குள் இருந்தது என்ன? முதல் வருஷ வேதியியல் லேபில் படித்த அயோடின் சோதனை கைகொடுத்தது. ஒரு துண்டை வெந்நீரில் கரைத்து, நன்றாக ஆறவிட்டு (சூட்டில் நிறம் காட்டாது, மறக்கவேண்டாம்), இரண்டு சொட்டு அயோடின் விட்டோம். கருநீலம். மாவுச்சத்து இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த வாரம் மாமாவின் பால்கோவாவிலும் அதையே செய்தோம். அயோடினின் பழுப்பு அப்படியே நின்றது. தர்மபுரிக்காரன் ஒன்றும் பேசவில்லை, மிச்சமிருந்ததை எடுத்துத் தின்றுவிட்டான்.

பிறகு மாமா அடுப்படியிலேயே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். 10 லிட்டர் பால், ஒன்றேகால் கிலோ சர்க்கரை, வேறு எதுவும் கிடையாது. இறக்கி நிறுத்தபோது 3 கிலோ 400 கிராம். கணக்கு சரியாக வருகிறதா பார்ப்போம். 10 லிட்டர் பால் சுமார் 10.3 கிலோ. அதில் திடப்பொருள் நூற்றுக்குப் பன்னிரண்டரை என்றால் 1.29 கிலோ, சர்க்கரையோடு 2.54 கிலோ. ஆக 3.4 கிலோவில் கால்வாசி ஈரம். ஆவியாகிப் போன தண்ணீர் 8.15 கிலோ. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2,257 கிலோஜூல், பாலைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இன்னும் 2,800 போல. மொத்தம் ஏறத்தாழ 21,200 கிலோஜூல். விறகின் வெப்ப மதிப்பு கிலோவுக்கு 15,000 என்றும், அந்த அடுப்பின் திறன் 15 சதவீதம் என்றும் வைத்தால் ஒன்பதரைக் கிலோ விறகு. மாமா இதைக் கேட்டுவிட்டு, "மாப்ள, பத்துக் கிலோன்னு நான் சொல்லியிருப்பேனே, இதுக்கு எதுக்கு ரெண்டு பக்கம்?" என்றார்.

இப்போது விலைக்கு வருவோம். பால் லிட்டர் 40 ரூபாய், சர்க்கரை கிலோ 44 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 455 ரூபாய் ஆகிறது. 3.4 ஆல் வகுத்தால் கிலோவுக்கு 134 ரூபாய், விறகும் கூலியும் சேர்க்காமல். என் நண்பன் கால் கிலோ 40 என்று, அதாவது கிலோ 160 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறான். விறகு, கூலி, பெட்டி, லாரி வாடகை, கடைக்காரர் கமிஷன் எல்லாம் மிச்சம் 26 ரூபாய்க்குள் அடங்குமா? அயோடின் இல்லாமலே இந்தக் கணக்கே காட்டிக் கொடுத்திருக்கும்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் வந்து 2003-இல் நடைமுறைக்கு வந்தது. முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் கிடைத்தது. போலிக் குறியீடு போட்டால் ஜெயில் வரைக்கும் போகலாம். ஆனால் அந்தக் குறியீட்டைப் பயன்படுத்த ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனியாகப் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். மாமா பதியவில்லை. அவருக்கென்று பெட்டியும் கிடையாது. தட்டில் வைத்துக் கடைகளுக்கு எடை போட்டுக் கொடுப்பார், அவர்கள் தங்கள் பெட்டியில் அடைத்துக்கொள்வார்கள்.

ஒரே ஒரு தடவை வெளியூருக்கு நேராக அனுப்பிப் பார்த்தார். சென்னையில் தெரிந்தவர் கடைக்கு ஐந்து கிலோ. பார்சல் வழியில் எங்கோ மூன்று நாள் கிடந்து, ஏப்ரல் வெயிலில் வெந்து, பூசணம் பூத்துப் போய்ச் சேர்ந்தது. பணம் வரவில்லை. அதிலிருந்து, "நம்ம சரக்கு ஊர் எல்லையோட சரி" என்கிறார். கால்வாசி ஈரம் உள்ள பண்டம், பதப்படுத்தும் மருந்தும் கிடையாது. தஹீன் உலர்ந்த தூள், பாட்டிலில் மாசக்கணக்கில் நிற்கும். பால்கோவாவை அதோடு ஒப்பிடவே முடியாது. சூடாக மூடினால் மூடியில் வேர்த்து அந்தத் தண்ணீர் மேலேயே சொட்டும், அங்கேதான் பூசணம் தொடங்கும். நன்றாக ஆறவைத்து, காற்றுப்புகாத டப்பாவில் கால் கிலோ கால் கிலோவாக அடைத்து, தேதி எழுதி அனுப்பலாம் என்றேன்.

"தேதி போட்டா நேத்துச் சரக்கை எவன்டா வாங்குவான்?"

"2020 அக்டோபர்ல கடையில சில்லறையா விக்கிற ஸ்வீட்டுக்கே எந்தத் தேதிக்குள்ள சாப்பிடணும்னு எழுதி வைக்கணும்னு சட்டம் கொண்டுவந்தாங்க மாமா."

"சட்டம் இருக்கட்டும். மிஞ்சுனதை நீ தின்பியா?"

நான் தின்பேன் என்று சொன்னதை அவர் ரசிக்கவில்லை. ஆனாலும் போன மாசம் நான்கு கால் கிலோ டப்பாக்களில் பேனாவால் தேதி எழுதிக் கொடுத்தார். ஒன்றை விடுதியிலேயே வைத்துக்கொண்டோம், எட்டாம் நாள் வரை வாசனை மாறவில்லை. மூன்றை நண்பன் தர்மபுரிக்கு எடுத்துப் போனான். அவன் அம்மா இரண்டு கிலோ வேண்டும் என்று சொல்லி அனுப்பியதோடு, யாரிடம் செய்தது, பெயர் என்ன என்றும் கேட்டாராம். டப்பாவில் தேதி இருந்தது, மாமா பெயர் இல்லை.

சிவகாசியில் லேபிளுக்கு விலை விசாரித்திருக்கிறேன். ஆயிரத்துக்குக் குறைந்து அடிக்கமாட்டார்களாம். மாமா இருநூறு போதும் என்கிறார்.