மலைக்கு அந்தப் பக்கம் அடித்த கோல்கள்

கேள்வி: பல்கேரியாவின் கால்பந்து வீரர் பெர்பட்டோவ் 2017-ல் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு ஆட வந்தபோது, ஆரியங்காவு வழியாகக் கொச்சிக்குப் போய்ப் பார்த்தோம். அப்படிக் கோலடித்துப் பெயர் வாங்கி, பிறகு பயிற்சியாளரான தமிழர் உண்டா?
- ஒரு வாசகர், குற்றாலம்

பதில்: உண்டு. அதே கொச்சியில்தான் ஒருவர் கொடிகட்டிப் பறந்தார். ராமன் விஜயன்! 1997-98 தேசிய கால்பந்து லீகில் எஃப்.சி. கொச்சின் அணிக்காக 10 கோல் அடித்து, அந்தப் பருவத்தில் அதிக கோல் அடித்தவர் அவர்தான். பின்னாளில் பயிற்சியாளராகி, சென்னையில் சிறுவர்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தார்.

இன்னொருவர் சையத் சபீர் பாஷா. இந்தியன் வங்கி அணியின் முன்கள வீரர், இந்தியாவுக்கும் ஆடியவர். சென்னையின் எஃப்.சி.யில் பல ஆண்டுகள் துணைப் பயிற்சியாளர். 2022 பிப்ரவரியில் தலைமைப் பயிற்சியாளர் பந்தோவிச் விலகியதும், பருவத்தின் கடைசிக் கட்டத்தில் பொறுப்பை ஏற்றார். பக்கத்திலேயே இருந்த நம்மவரை முழுப் பருவத்துக்கும் நம்பியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

உங்கள் பக்கம் சாரல் விழுந்த புல்லில் பந்து விர்ரென்று வழுக்கும். அதைக் காலடியில் அடக்கி, உடனே திரும்பி அடிக்கத் தெரிந்த பையன் தென்காசியில் இருந்தால், இவர்களைப் போன்ற ஒருவர் கண்ணில் பட வேண்டும்.