லேபிள் அச்சுப்பொறியில் படங்களை எங்கே சேமிப்பது?

பழவேற்காட்டு ஏரியின் இறாலையும் மீனையும் உலர்த்திச் சங்கத்தின் பெயரால் விற்க முற்படுவோர், அனுப்பம்பட்டு, பொன்னேரி வட்டாரங்களில், லேபிள் அச்சுப்பொறி ஒன்று வாங்க எண்ணுவது இயல்பே. விலையையும் வேகத்தையும் விசாரிக்கும் அங்கத்தினர்கள், படங்களைப் பொறி எங்கே நினைவில் வைத்திருக்கும் என்பதையும் விசாரித்தல் வேண்டும்.

நமக்கு இக்கேள்வி பிறரினும் முக்கியமானது. பல பொறிகள் தமிழ் எழுத்துருவுடன் வருவதில்லை. ஆதலால் ‘நெத்திலிக் கருவாடு’ என்னும் பெயரைக்கூடப் படமாக்கியே அனுப்ப வேண்டியிருக்கிறது. சங்கச் சின்னமும் உணவுப் பாதுகாப்பு ஆணையச் சின்னமும் படங்களே.

படங்களை ஒருமுறை ஏற்றிவிட்டு, வேண்டும்போது பெயர் சொல்லி அழைப்பது வழக்கம். பரவலாக வழங்கும் ஜீப்ரா பொறிகளில் ஏற்றுமிடங்களை ஆங்கில எழுத்துகளால் குறிப்பர். ‘ஆர்’ என்பது தற்காலிக நினைவகம். மின்சாரம் நின்றால் அதிலுள்ளவை அழியும். ‘ஈ’ என்பது பொறியினுள் அமைந்த ஃபிளாஷ் நினைவகம். மின்சாரம் நின்றாலும் படம் நிலைக்கும். ‘பி’ என்பது தனியே வாங்கிச் செருகும் அட்டை. எல்லா மாதிரிகளிலும் இதற்கு வசதியில்லை.

ஏற்றும் கட்டளையில் இடத்தைக் குறிக்காவிடில் படம் ‘ஆர்’ இடத்திற்கே செல்லும். அன்று அச்சிட்டால் குறை தெரியாது. பொறியை அணைத்து மறுநாள் இயக்கினால் எண்ணும் எழுத்தும் ஒழுங்காக அச்சாகும். படத்தின் இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். பொறி நின்றுவிட்டாலாவது விழித்துக்கொள்ளலாம். நிற்காமல் ஓடுவதே ஆபத்து. சின்னமின்றி நூறு பொட்டலங்கள் கடைக்குச் சென்றால் விளக்கம் கூற வேண்டியது சங்கமேயன்றி, கணினியை அமைத்துத் தந்தவர் அல்லர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மின்சாரம் நின்றதை நம்மவர் மறந்திரார்.

எனவே மாறாத படங்களை ‘ஈ’ இடத்தில் வைப்பதே தக்கது. ஆயினும் ஃபிளாஷில் எழுதி அழிக்கும் தடவைகளுக்கு எல்லை உண்டு. சில நாள் மட்டும் வேண்டிய படத்திற்கு ‘ஆர்’ போதும். தேதியும் தொகுதி எண்ணும் 14 இலக்க உரிம எண்ணும் எழுத்தாகவே செல்லட்டும். ஒரே பொறியுடைய சிறு சங்கம் அட்டைக்குச் செலவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இடம் போதுமோ என்ற அச்சம் வேண்டா. மில்லிமீட்டருக்கு 8 புள்ளி இடும் பொறியில் 32 மி.மீ. அகலமும் 16 மி.மீ. உயரமும் உள்ள படம் 256 × 128 புள்ளிகள். எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட் வீதம் 4,096 பைட்டே ஆகும். மில்லிமீட்டருக்கு 12 புள்ளியானால் 9,216 பைட்.

இன்னொரு சிக்கல் உண்டு. இடம் குறிக்காமல் பெயரை மட்டும் சொல்லி அழைத்தால் பொறி முதலில் ‘ஆர்’ இடத்திலும் பின்னர் ‘ஈ’ இடத்திலும் தேடும். புதுச் சின்னத்தை ‘ஈ’யில் ஏற்றியும் பழையது அச்சானால், அதே பெயரில் பழைய படம் ‘ஆர்’ இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கவும்.

நெசவாளர் சங்கங்களின் விலைச்சீட்டுக்கும் இம்முறை பொருந்தும். ஆனால் 2006இல் வந்த கைத்தறி முத்திரையைப் படமாக ஏற்றி விருப்பம்போல் அச்சிடலாகாது. அதற்கு ஜவுளிக் கமிட்டியில் பதிவு வேண்டும். மீன் பொட்டலத்தின் அசைவக் குறியோ, 2020ஆம் ஆண்டு விதிப்படி, பழுப்புச் சதுரத்துள் பழுப்பு முக்கோணம். கறுப்பில் மட்டும் அச்சிடும் பொறியால் அது இயலாது; குறியை முன்னரே அச்சிட்ட லேபிள் சுருளை அச்சகத்தில் வாங்கிக்கொள்க.

பொறியை ஏற்குமுன், விற்பவர் முன்னிலையிலேயே படத்தை ஏற்றி, மின்கம்பியைப் பிடுங்கி, மீண்டும் செருகி, ஒரு லேபிள் அச்சிட்டுப் பார்த்த பிறகே பட்டியலில் கையொப்பமிடுக.