அம்மா பாடிய அடுத்த அடி

கேள்வி: சென்ற வருடம் நீங்கள் வாசித்தவற்றில் மனதை விட்டுப் போகாதது எது?
– ஒரு வாசகி, திம்புள்ள

பதில்: உங்கள் பக்கத்து மலைக்காரர்தான், தங்கச்சி: சி.வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனார். அடுத்த வருடமே வந்த பிரஜாவுரிமைச் சட்டம், அவருக்கு வாக்களித்த சனத்தை நாடற்றவர்களாக்கியது. இதை மனதில் வைத்து அவரது ‘வீடற்றவன்’ நாவலை மறுபடி எடுத்தபோது, தலைப்பைத் தாண்டவே நேரம் பிடித்தது.

ஆனால் அதிக நாள் என் கையில் இருந்தது அவர் தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’. தாலாட்டு, ஒப்பாரி, கங்காணியை ஏசும் பாட்டு என்று எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கட்டியவை. ஒரு நாள் அம்மாவுக்கு ஒன்றை வாசித்துக் காட்டினேன். நான் முடிக்கும் முன்பே அடுத்த அடியை அவர் பாடிவிட்டார், புத்தகத்தில் இல்லாத சொற்களோடு. அன்றிரவு நான் வாசிக்கவில்லை. அவர் பாடப் பாட எழுதிக்கொண்டேன்.

அதே தோட்ட வாழ்க்கையைத் தேடி, தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’ சிறுகதைகளையும், புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யையும் அடுத்தடுத்து வாசித்தேன். புதுமைப்பித்தனின் கோபம் பெரியது. இருந்தாலும் லயத்துக் காம்பராவின் புகை ஜோசப்பிடம்தான் கண்ணைக் கரிக்கிறது.

புத்தகம் கிடைக்காவிட்டால் ‘நூலகம்’ இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். உங்கள் லயத்தில் பாட்டுத் தெரிந்த அம்மாயி யாராவது இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொப்பியில் எழுதி எனக்கும் அனுப்புங்கள்.