தறிமேல் ஏற்றத்தக்க பேட்டரி

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டை போன்ற நெசவூர்களில், தறியின் உச்சியில் அமர்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியை நாள் முழுதும் காலால் மிதித்துத் தூக்குவது எத்தகைய தேக சிரமம் என்பதை நெசவாளரின் முழங்காலே அறியும். அதைப் போக்க வந்த மோட்டார் ஜக்கார்டுக்கு மத்திய அரசின் கைத்தறி உதவித் திட்டத்தில் விலையில் 90 சதவிகிதம் வரை மானியமும் உண்டு. ஆயினும் கரண்ட் போன க்ஷணமே மோட்டாரும் நின்றுவிடுகிறபடியால், அதற்கென ஒரு பேட்டரியைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கே சொல்லப் புகுகிறேன்.

கடைக்குப் போகுமுன் தறியை அளந்துகொள்ள வேண்டும். பெட்டியைத் தூக்கும் கயிற்றில் ஒரு வில் தராசை மாட்டி, இழுக்க வேண்டிய பாரத்தையும் கயிறு நகரும் தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, பாரம் 25 கிலோ, தூரம் 10 சென்டிமீட்டர் என்றால் ஒரு தூக்குக்கு வேண்டிய சக்தி ஏறத்தாழ 25 ஜூல். அதை அரை விநாடியில் செய்ய 50 வாட். மோட்டாரிலும் பல்சக்கரத்திலும் பாதி வீணாகும் என்று கொண்டால் 100 வாட். நிமிஷத்திற்கு நாற்பது மிதி எனில் சராசரி 33 வாட். இரண்டு மணி நேர மின்தடைக்கு 67 வாட்-மணி.

இந்தக் கணக்கிலேயே விஷயம் விளங்கிவிடுகிறது: ஒரு விநாடிக்குள் பாயும் வேகம் இங்கே பெரிய காரியமன்று, இரண்டு மணி நேரம் தாங்குவதே காரியம்.

சூப்பர் கெப்பாசிட்டரைப் பற்றிப் பெரிதாகப் பேசுவார்கள். லட்சக்கணக்கான முறை நிரப்பிக் காலி செய்தாலும் அது சளைக்காது என்பது மெய்யே. ஆனால் அரைக் கிலோ எடையுள்ள, 2.7 வோல்ட், 3000 பாரட் கொண்ட ஒரு கலம், மின்னழுத்தம் பாதியாகும் வரை கொடுப்பது இரண்டேகால் வாட்-மணிதான். நம் தறி அதில் நான்கு நிமிஷம் ஓடும். இரண்டு மணி நேரத்துக்கு இப்படி முப்பது கலங்களும் பதினைந்து கிலோ பாரமும் வேண்டும். பழகிய 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியோ இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. பெயரளவில் 84 வாட்-மணி இருந்தாலும், விரைவாக இழுத்தால் அவ்வளவும் கைக்கு வராது, அடிக்கடி அடிமட்டம் வரை காலி செய்தால் சீக்கிரமே கெட்டும்போகும். அதே அளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஏறத்தாழ ஒரு கிலோ, 12.8 வோல்ட்டில் 90 வாட்-மணி. தறிச் சட்டத்தின் மேலேயே அதைக் கட்டிவிடலாமாதலால் ஒயர் குறுகி, வழியில் மின்னழுத்தம் குறைவதும் மட்டுப்படுகிறது. என் தேர்வு இதுவே.

வாங்கும்போது ஆம்பியர்-மணியை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், உள்ளிருக்கும் பாதுகாப்புப் பலகை கணநேரத்துக்கு எத்தனை ஆம்பியர் விடும் என்று கேளுங்கள். 100 வாட் என்றால் 12 வோல்ட்டில் எட்டு ஆம்பியர்தான். ஆனால் மோட்டார் புறப்படும்போது அதைப் போல் பல மடங்கு இழுக்குமாதலால், பலகை சிறிதானால் ஒவ்வொரு மிதிக்கும் பேட்டரி தானே அணைந்துவிடும். வீட்டு மின்சாரத்தில் ஓடும் மோட்டாரானால் அந்த இழுப்பைத் தாங்கும் இன்வெர்ட்டரும் சேர்ந்தே வேண்டும். சார்ஜரும் லித்தியத்துக்கு உரியதாக, 14.6 வோல்ட்டில் நிற்பதாக இருக்கட்டும். நேர்முனையை ஒட்டி ஒரு பியூஸ் அவசியம்.

இவ்வளவுக்கும் முன்பே செய்யத்தக்கது ஒன்றுண்டு. பலர் அதை அலட்சியம் செய்கிறார்கள். பெட்டி இறங்கும்போது நீண்டு, ஏறும்போது சுருங்கித் துணை செய்யும் ஒரு சுருள்வில்லை மேல்சட்டத்திலிருந்து மாட்டினால், பாரத்தில் பாதியை அதுவே சுமக்கும். மோட்டாரின் இழுப்பும் ஏறக்குறைய பாதியாகும். வில் மிகக் கடினமானால் பெட்டி தாமதமாக இறங்கி, நாடா போகும் வாய் சரியாக மூடாமல் பாவு இழை அறும்; ஆகையால் மெல்லிய வில்லில் தொடங்கிப் படிப்படியாகவே கூட்ட வேண்டும்.

எல்லாம் பொருத்திய பின், மெயினை அணைத்துவிட்டு, முந்தானைப் பகுதியில் அதிகக் கொக்கிகள் எழும் அட்டைகளை ஓட்டி, தூக்கும் சமயம் வோல்ட் மீட்டர் 11க்குக் கீழே சாய்கிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் முதலில் ஒயரின் கனத்தையும் முடிச்சுகளையும் சோதித்து, பிறகே பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.