உடைந்த போல்ட்டைத் தூக்கி எறியாதீர்கள்

“ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் முன்பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். லோயர் ஆர்மைக் கழற்ற மெக்கானிக் ஸ்பேனர் போட்டதும் போல்ட் முறிந்து, பாதி உள்ளேயே நின்றுவிட்டது. வண்டிக்கு 17 வயது. செலவு செய்யலாமா, விற்றுவிடலாமா?” இப்படிக் கேட்பவர்களில் பலர் கடலோர ஊர்க்காரர்கள். முறிந்த போல்ட் ஒன்றுக்காக வண்டியை விற்க வேண்டியதில்லை. ஆனால் அதை எடுக்கிற அவசரத்தில், போல்ட் பிடித்திருந்த சட்டத்தைக் கெடுத்துவிட்டால் செலவு பல மடங்காகிவிடும்.

மாருதி 800, ஜென், பழைய சான்ட்ரோ போன்ற கார்களில் முன்சக்கரத்தை மேலே ஸ்ட்ரட்டும் (சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்), கீழே லோயர் ஆர்மும் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கை) பிடித்துக்கொள்கின்றன. பல வண்டிகளில் அந்தக் கையின் உள்முனையில் ஒரு புஷ் இருக்கும்: நடுவில் இரும்புக் குழல், சுற்றிலும் ரப்பர். குழலுக்குள் நுழைந்து மறுபக்கம் நட்டில் முடிவதுதான் நம் போல்ட்.

போல்ட்டை நாம் ஆணி மாதிரி நினைத்துக்கொள்கிறோம். அது வேலை செய்யும் விதம் வேறு. முறுக்கும்போது போல்ட் நூலளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்ப அது இழுக்கும் விசைதான் புஷ் குழலைச் சட்டத்தின் இரண்டு தகடுகளுக்கு நடுவே கவ்விப் பிடிக்கிறது. சாலையின் அடியைத் தாங்குவது அந்தப் பிடிதான். பிடி தளர்ந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் குழல் நகரும். போல்ட் வளைந்து நிமிரும். கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பதுபோல ஒருநாள் அது ஒடியும்.

ஆகவே முறிந்த துண்டைக் கையில் வாங்கி, வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பகுதி வழவழப்பாக, பழுப்பேறி, மரத்தின் வளையங்கள் மாதிரி மெல்லிய வரிகளோடு இருந்து, மீதி மட்டும் சொரசொரப்பாகப் புதுச் சாம்பல் நிறத்தில் மின்னினால், அது களைப்பு முறிவு (பலநாள் அசைவில் விரிசல் வளர்ந்து ஒடிவது). எப்போதோ சரியாக முறுக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். முகம் முழுக்கப் புதிதாக, முறுக்கிப் பிழிந்ததுபோல் இருந்தால், கழற்றும் விசையில்தான் ஒடிந்தது. போல்ட்டின் நடுப்பகுதி இளைத்து, செதில் செதிலாக உதிர்ந்தால் காரணம் துரு.

கடலோர வண்டிகளில் அதிகம் பார்ப்பது இந்தத் துருவைத்தான். உப்புக்காற்றும் மழைநீரும் குழலுக்குள் புகுந்துவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். குழலும் போல்ட்டும் ஒரே துண்டாக இறுகிப்போகும். தலையைத் திருப்பினால் தலை மட்டும் திரும்பும்; உடல் அசையாது.

முறிவதற்கு முன் வண்டி சில அறிகுறிகளைக் காட்டும். பிரேக் பிடிக்கும்போதும் ரிவர்ஸிலிருந்து முன்னே எடுக்கும்போதும் ஒற்றை ‘டொக்’. நேராகப் போகும்போது ஸ்டீயரிங் ஒருபக்கம் சாய்ந்திருப்பது. பிரேக்கில் வண்டி ஒருபக்கம் இழுப்பது. ஒரே டயர் ஓரத்தில் மட்டும் தேய்வது. இவை தேய்ந்த புஷ்ஷாலோ பால் ஜாயின்ட்டாலோகூட வரும். அதனால் பதற வேண்டாம். அதே வாரம் லிஃப்ட்டில் ஏற்றிப் பாருங்கள். அதுவரை நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம்.

ஓடும்போதே போல்ட் முறிந்தால், பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து மெதுவாக ஓரம் கட்டுங்கள். “மெதுவா ஓட்டிட்டே பட்டறைக்கு வந்துடுங்க” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கம்பியால் கட்டி ஓட்டுவதும் கூடாது. சக்கரம் மடங்கினால் பிரேக் ஹோஸும் ஆக்ஸிலும் சேர்ந்து போகும். வண்டி முழுவதையும் மேலே ஏற்றிச் செல்லும் ரிகவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

இனி, உள்ளே நிற்கும் பாதியை எடுப்பது. முதல் மருந்து பொறுமை. கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துருவுக்குள் ஊடுருவும் எண்ணெயை மாலையில் அடித்து ஒரு இரவு ஊற விடச் சொல்லுங்கள். நட் அசைந்தால் ஒரே திசையில் பலம் காட்டாமல், கால் சுற்று கழற்றி, திரும்ப முறுக்கி, மறுபடி கழற்ற வேண்டும். குழலோடு ஒட்டிப்போன போல்ட்டோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. புஷ்ஷுக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் பிளேடை விட்டு இருபுறமும் அறுத்து, லோயர் ஆர்மைப் புஷ்ஷோடு வெளியே எடுப்பதே நல்லது. போவது போல்ட்டும் புஷ்ஷும் மட்டும், சட்டம் தப்பும்.

துண்டு சட்டத்தின் மரைக்குள் நின்றுவிட்டால், வெளியே நீட்டிய நுனியில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருப்புவது நல்ல முறை. அந்தச் சூடும் துருவைத் தளர்த்தும். துண்டு உள்ளே அமுங்கியிருந்தால் சரியாக மையம் குத்தி, சிறிய டிரில்லில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்க வேண்டும். ஈஸி அவுட் (துண்டைப் பிடித்துத் திருப்பும் எதிர்மரைக் கருவி) உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் அதில் ஏறாது. எனவே இறுக்கம் தெரிந்தால் அதை வற்புறுத்தக் கூடாது.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பெட்ரோல் பைப், பிரேக் பைப் எங்கே ஓடுகின்றன என்று பாருங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு கிளம்பும். மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு கேஸ் டார்ச்சைக் காட்டுவது நேரடியாகத் தீயை அழைப்பது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம், ஸ்டாண்டு அவசியம்.

புதிய போல்ட் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ பொறித்திருக்கும். முதல் எண்ணை 100-ஆல் பெருக்கினால் அது தாங்கும் இழுவிசை: 8.8 என்றால் 800 மெகாபாஸ்கல், 10.9 என்றால் 1,000. “துருவே பிடிக்காது” என்று ஹார்டுவேர் கடையில் தரும் ஏ2-70 வகை ஸ்டெயின்லெஸ் போல்ட் தாங்குவது 700 மட்டுமே. பளபளப்பைப் பார்த்து அதை இங்கே போடாதீர்கள். மரையின் இடைவெளியும் பொருந்த வேண்டும். 12 மி.மீ. போல்ட்டில் 1.25 இடைவெளியும் உண்டு, 1.75-ம் உண்டு, ஒன்றை மற்றொன்றின் நட்டில் திணித்தால் மரை போய்விடும். பழைய துண்டைக் காட்டி, வண்டியின் பாக எண்ணைச் சொல்லி, நட்டோடு சேர்த்துப் புதிதாக வாங்குங்கள்.

பொருத்தும்போது ஒன்றைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். சக்கரம் தொங்கும் நிலையில் கடைசி முறுக்கு கொடுக்கக் கூடாது. அப்படிச் செய்தால் வண்டியை இறக்கியதும் புஷ் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகு, சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்குவிசை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்க வேண்டும். அடுத்து வீல் அலைன்மென்ட். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை சரிபார்ப்பு.

முறிந்தது வலதுபக்கம் என்றால், இடதுபக்கப் போல்ட்டுக்கும் அதே வயதுதான். அதே மழையில்தான் அதுவும் நனைந்தது. வண்டி லிஃப்ட்டில் இருக்கும்போதே அதையும் மாற்றிவிடுங்கள்.